வண்டி நேராகத்தான் ஓடுகிறது

மகனே,

உறையைப் பிரித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறேன் என்று படிக்கமாட்டாய், எப்படி எழுதியிருக்கிறேன் என்று பார்ப்பாய். நர்ஸ் படிப்புக்குப் போன நாளிலிருந்து உன் கண் அப்படி ஆகிவிட்டது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் நகத்தைப் பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மியா கீது சார்" என்று சொன்ன ஆள் நீ. பாவம், அந்த மனுஷன் அதற்குப் பிறகு பாயசத்தைக்கூடத் தொடவில்லை. அதனால் உன்னிடம் மறைத்துப் பிரயோஜனம் இல்லை. எழுத்து கோணிக்கொண்டு போகிறது, பாதி வரியில் பேனா விரலை விட்டு நழுவுகிறது, ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. என் வலது கை சரியில்லை. சில மாதங்களாகவே சரியில்லை. வீடியோவில் பேசும்போதெல்லாம் போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தேன். "இன்னாப்பா, மூஞ்சிய மட்டும் காட்டுற?" என்று நீ ஒருநாள் கேட்டாய். "ஏன், இந்த மூஞ்சி போதாதா உனக்கு?" என்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் பேசி முடிப்பதற்குள் நீ பெங்களூரில் வேலையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறியிருப்பாய். கடிதம் என்றால் முழுவதும் படித்தாக வேண்டும், குறுக்கே பேச முடியாது. எனக்கு வேண்டியது அதுதான். அதோடு உன் அம்மாவும் கெடு வைத்துவிட்டாள். "நீயா சொல்றியா, இல்ல நான் போன் போடட்டுமா? புள்ளகிட்ட பொய் சொல்லிக்கினே எத்தன நாளு இருப்ப?" என்றாள். அவள் சொன்னால் அழுதுகொண்டே சொல்வாள், நீ அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டு ஓடி வருவாய். அதைவிட நானே எழுதுவது மேல் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்கவில்லை. அடுத்த மாதம் நீ ஜெர்மனிக்குக் கிளம்புகிறாய். அந்த மொழியைப் படிக்க நீ பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். லீவில் வந்து, தண்ணி கேன் இறக்க என்னோடு வரும்போதுகூடக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, தொண்டையில் முள் சிக்கியவன் மாதிரி ஏதோ முனகிக்கொண்டே வருவாய். பரீட்சை உன்னைக் கவிழ்த்தது, நீ மறுபடி எழுதினாய், மறுபடியும் கவிழ்த்தது, விடாமல் எழுதித் தேறினாய். இப்போது என் கை இப்படி ஆகிவிட்டது என்று தெரிந்தால் நீ போகமாட்டாய். அந்த ஊர் ஆஸ்பத்திரி உனக்காகக் காத்துக்கொண்டிருக்காது. நீ நெமிலிச்சேரிக்கு வந்து, நம் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து, தண்ணி கேன் போட ஆரம்பித்துவிடுவாய். கை போய்விடுமோ என்கிற பயம்கூட எனக்கு அதற்கு அடுத்ததுதான்.

இது வண்டியில்தான் ஆரம்பித்தது. வெயில் காலம் தொடங்கிய சமயம். தண்ணி கம்பெனியில் கேன்களை ஏற்றிக்கொண்டு வெளிவட்டச் சாலைக்கு வந்தால் வண்டி இடது பக்கமாக ஒதுங்கியது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஓரத்தில் போகிற மாட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி லேசாகத் தலையைத் திருப்பும். நானும் லேசாக வலது பக்கம் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். எல்லா டிரைவரும் அப்படித்தான் செய்வோம். ஒரு வாரத்தில் அது பழகிவிடும், பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே மறந்துவிடும். எனக்குப் பழகவில்லை. நாம் கேன் போடுகிற ஐயப்பன்தாங்கல் அபார்ட்மெண்டுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் தோளிலிருந்து முழங்கை வரை கடுத்தது.

முதலில் காற்றைப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டு டயரிலும் காற்று ஒரே அளவாக இருந்தது. அடுத்தது சாலை. நம் ஊர்ச் சாலைகள் மழைத் தண்ணீர் வடிவதற்காக ஓரத்தில் கொஞ்சம் சரிவாக இருக்கும், அதனாலேயே வண்டி இடது பக்கம் நகரும். அதனால் ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தண்ணி கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற காலி மனைப் பிரிவில் சமமான சிமெண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் இழுத்தது. பிறகு முன்டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டேன். டயரில் கோளாறு என்றால் இழுப்பும் பக்கம் மாறி வலது பக்கம் போக வேண்டும். மாறவில்லை. வண்டியை நிறுத்திச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் சுடும். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. இவ்வளவையும் நானே பார்த்துவிட்டு, இனி நம்மால் ஆகாது என்று பூந்தமல்லியில் சேகர் பட்டறைக்குப் போனேன்.

சேகர் மாமாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ பிறப்பதற்கு முன்பிருந்தே என் வண்டிகளுக்கெல்லாம் வைத்தியர். வாய் ஓயாது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு உலக அரசியல் பேசுவான், மேலே நிற்கிறவனுக்குப் பாதிதான் காதில் விழும். அன்றைக்கும் படுத்தான். "அண்ணாத்தே, ஸ்டியரிங்க இப்படி அப்படி ஆட்டு" என்றான். நான் மேலே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினேன், அவன் கீழே ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்த்தான். "டை ராட் எண்டு தேஞ்சிகீது. இதான். மாத்திட்டா கோடு போட்ட மாதிரி போவும்" என்றான். மாற்றினோம். மிஷினில் ஏற்றிச் சக்கர அலைன்மெண்டும் பார்த்தோம். ஒன்றிரண்டு நாள் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. நம்ப ஆசைப்பட்டால் எதுவும் சரியாகிவிட்டது போல இருக்கும். அப்புறம் மறுபடி இழுத்தது. மறுபடி போனேன். ஒரு பேரிங் மாற்றினான். மறுபடி போனேன். இந்த முறை அவன் படுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "வா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

நசரத்பேட்டை தாண்டி வெளிவட்டச் சாலைக்கு வந்து சீராகப் போய்க்கொண்டிருந்தோம். வண்டி இடது பக்கம் ஒதுங்கியது. "பாத்தியா, பாத்தியா" என்றேன். சேகர் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கைய எடு" என்றான்.

"ஓடுற வண்டியிலயா?"

"அட, ரோடு காலியாத்தானே கீது. ரெண்டு கையும் எடு அண்ணாத்தே."

எடுத்தேன். வண்டி நேராகப் போனது. பக்கத்து வெள்ளைக் கோட்டைவிட்டு ஒரு விரல்கூட நகராமல், யாரோ நூல் கட்டி இழுப்பது போலப் போனது. "இப்ப புடி" என்றான். பிடித்தேன். இடது பக்கம் ஒதுங்கியது. மறுபடி விடச் சொன்னான். நேராகப் போனது. மறுபடி பிடிக்கச் சொல்லவில்லை. நானாகவே பிடித்து ஓரம் கட்டினேன். என் இடது கை வழக்கம் போல அழுத்துகிறது, அதற்கு எதிராக நிற்க வேண்டிய வலது கை நிற்கவில்லை, அதனால் ஸ்டியரிங் இடது பக்கம் இறங்குகிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு மெக்கானிக்கும் ஒரு டிரைவரும் தேவையே இல்லை. ஆனால் இரண்டு பேரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் சேகர், "ஸ்டியரிங் பாக்ஸ்ல லேசா ஆட்டம், ப்ளே கீது போல. பிரிச்சுப் பாத்துடலாம்" என்றான். "ஆமா, எனக்கும் அதான் சந்தேகம்" என்றேன்.

இதை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. ஒரு கோளாறும் இல்லாத பெட்டியைக் கழற்றி, நல்ல எண்ணெயைக் கொட்டி, நல்ல பல்சக்கரத்தைத் துடைத்து, புது எண்ணெய் விட்டு மறுபடி மாட்டினோம். அவன் இரண்டு நாள் பேசாமல் வேலை செய்தான். சேகர் பேசாமல் வேலை செய்து நீ பார்த்திருக்கிறாயா? அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டால் நான் அடுத்த நாள் முதல் வண்டி ஓட்ட முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவன் சொல்லிவிடக்கூடாதே என்று நானும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நட்பு என்றால் உண்மையைச் சொல்வது என்கிறார்கள். நாங்கள் இருவரும் நட்புக்காக ஒரு நல்ல ஸ்டியரிங்கையே பிரித்துப் போட்டோம்.

நாளைக்கு நீ அந்த ஊரில் வார்டில் நிற்கும்போது என் வயசுக்காரன் ஒருவன் வந்து, செருப்பு கடிக்கிறது, கட்டில் சாய்ந்திருக்கிறது, தலையணை சரியில்லை என்று எதையாவது சொல்லிக்கொண்டிருப்பான். கோபப்படாதே. செருப்பையும் பார், கட்டிலையும் பார், பார்த்துவிட்டு மெதுவாக அவன் காலைப் பார். அவனுக்கே தெரிந்திருக்கும். யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருப்பான், சொல்லிவிடப் போகிறார்களே என்று பயந்துகொண்டும் இருப்பான்.

என் விஷயத்தில் சொன்னது உன் அம்மாதான். அவளுக்கு டை ராடும் தெரியாது, பாக்ஸும் தெரியாது. கொடியில் காயப்போட்ட துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். நான் குளித்துவிட்டுப் பிழிந்து போட்ட துண்டு. என்னிடம் வந்து எதிரே உட்கார்ந்து, வலது கையை நீட்டி, "என் கையப் புடி" என்றாள். பிடித்தேன். "அழுத்து" என்றாள். "இன்னும் அழுத்துய்யா."

"அழுத்திக்கினுதான் கீறேன்" என்றேன்.

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கையை உருவிக்கொள்ளவில்லை. "வண்டிய இன்னாத்துக்கு பிரிச்சுக்கினு கெடக்குறீங்க ரெண்டு பேரும்? அது நல்லாத்தான் கீது. நீ டாக்டராண்ட போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குக்கரை அடுப்பில் வைத்தாள். போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் மேலும் சில நாள் ஓட்டினேன். ஓட்டியிருக்கக்கூடாது. ஆனால் நான் ஓட்டாவிட்டால் யார் ஓட்டுவது என்று யோசித்தால் உன் முகம்தான் வந்தது. அந்த முகம் வந்ததுமே மறுபடி ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

பூந்தமல்லியில் பெரிய ரோட்டின் நடுவில் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்திருக்கிறார்களே, ஒரு வண்டி மட்டும் போகிற மாதிரி ரோடு குறுகிப் போகிற அந்த இடத்தில்தான் ஒருநாள் மாட்டினேன். வலது பக்கம் தகரம், இடது பக்கம் கடைகளுக்கு முன்னால் சிமெண்டுத் தடுப்பு. முழு லோடு. எனக்கு முன்னால் இடது ஓரமாக ஒரு பெண் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துச் சட்டை போட்ட குழந்தை பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. வண்டி இடது பக்கம் இறங்கியது. வலது பக்கம் ஒடித்தேன், அதாவது ஒடிக்க வேண்டும் என்று நினைத்தேன். கை ஸ்டியரிங் மேலேயே இருந்தது, வரவில்லை. வேறு யாருடைய கையோ அங்கே வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். கேன்கள் எல்லாம் முன்னால் வந்து மோதின. வண்டி கோணலாக நின்று, இடது மூக்கு சிமெண்டுத் தடுப்பில் உரசிக்கொண்டு, வால் ரோட்டை அடைத்துவிட்டது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. குழந்தையின் பின்னல் காற்றில் ஆடிக்கொண்டு போனது மட்டும் எனக்குத் தெரிந்தது.

பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டின வரை வண்டிகள். அத்தனை பேரும் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே வர வேண்டுமானால் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பின்னால் எடுக்க வேண்டும். நம் வண்டி பழசு, பவர் ஸ்டியரிங் கிடையாது. நிற்கிற வண்டியில், முழு லோடோடு, ஒற்றைக் கையால் அதைத் திருப்பவே முடியாது. திருப்பினேன், திருப்பினேன், பாதிகூட வரவில்லை. கதவைத் திறக்கவும் வழியில்லை, என் பக்கம் தகரம் ஒட்டிக்கொண்டிருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. இந்தப் பெட்டிக்குள்ளேயே என் ஆயுசு முடிந்துவிடும் போல இருந்தது. கொஞ்சமும் மிகைப்படுத்தவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு இடது பக்கம் கிடைத்த சந்தில் கதவைத் திறந்து உடம்பை நுழைத்து, பக்கத்துச் சீட்டில் முட்டி போட்டுக்கொண்டு குறுக்கே கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார். "பெரியவரே, நீங்க கிளச்ச மட்டும் பாருங்க. நான் ஒடிக்கிறேன்" என்றார். ரிவர்ஸ் கியரைக்கூட அவர்தான் போட்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து வண்டியை எடுத்தோம். இறங்கும்போது, "ஸ்டியரிங் நல்லாத்தானே கீது பெரியவரே?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் கீது. கைதான் வரல" என்றேன்.

முன்பின் தெரியாத அந்த மனுஷனிடம்தான் நான் முதன்முதலில் உண்மையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து சேகர் பட்டறைக்குக் கொண்டு போய் நிறுத்திவிட்டு, அங்கே போட்டிருக்கிற பழைய சீட்டில் உட்கார்ந்தேன். சேகர் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டான். லோடோடு வண்டியை அவனே நம் வீட்டுக்கு ஓட்டி வந்தான். வழியெல்லாம் நேராகத்தான் ஓடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டாக்டர் சொன்னதை உனக்குத் தெரிந்த மொழியில் எழுத எனக்குத் தெரியாது, ஸ்கேனை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். கழுத்து எலும்பு தேய்ந்து, கைக்கு வருகிற நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கிறதாம். "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "கேனை எந்தத் தோள்ல தூக்குவீங்க?" என்றார். வலது தோள். லிஃப்டில் கேன் ஏற்றக்கூடாது என்று அந்த அபார்ட்மெண்டுகளில் போர்டே போட்டிருப்பார்கள், தண்ணீர் சிந்தினால் லிஃப்ட் கெட்டுவிடுமாம். கேன் மாடி ஏற வேண்டும், ஆனால் லிஃப்டில் ஏறக்கூடாது என்றால் அது என் தோளில்தான் ஏறும். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு படி ஏறி ஏறி, சும்மா நிற்கும்போதும் நான் தலையைச் சாய்த்தே நிற்கிறேன் என்று நீ கிண்டல் செய்வாய். டாக்டர் சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். செய்தால் மேலும் மோசமாகாது, பிடி எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, லோடு வண்டி இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வண்டி வாசலில் நிற்கிறது. ஒரு டிரைவரை வைத்துப் பார்த்தோம். நன்றாகத்தான் ஓட்டினான். மாடி ஏறச் சொன்னதும், "தூக்குற வேல இருந்தா நமக்கு ஒத்து வராதுண்ணே" என்று பார்சல் வண்டிக்குப் போய்விட்டான். ஐயப்பன்தாங்கலிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. "அங்கிள், இன்னைக்கும் தண்ணி வரலையே" என்று அந்த மூன்றாவது மாடிப் பெண் கேட்டாள். நல்ல பெண், மாடிக்கு வந்தால் மோர் கொடுப்பாள். அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். இப்போது போன் வருவதும் குறைந்துவிட்டது. வேறு ஆள் போட ஆரம்பித்திருப்பான். வண்டியை வாங்கிக்கொள்ள சேகர் ஒருவரைக் கூட்டி வந்தான். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டியரிங் சூப்பரா கீதே, புதுசா செஞ்சீங்களா?" என்று கேட்டார். சேகர் எங்கேயோ பார்த்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். என்ன யோசிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. காலையில் எழுந்ததும் போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டவும் முடியவில்லை, விற்கவும் மனம் வரவில்லை, வீட்டுக்குள் இருக்கவும் பிடிக்கவில்லை. அம்மா காபியைக் கொண்டு வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

என் கால் உடைந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. உனக்கு ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் மேல்படிப்போடு வேலை கிடைத்திருந்தது. யாரும் உன்னிடம் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் நீ வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தாய். அந்த வேலை போய்விட்டது, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீ பேசவில்லை. நீ நன்றாக ஓட்டினாய். என்னைவிட நிதானம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நீ கேனை இறக்குவதைப் பார்த்து, "அப்பனுக்குத் தப்பாத புள்ள" என்று தெருவில் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. காலில் கட்டோடு படுத்துக்கொண்டு, சாயங்காலம் உன் ஹாரன் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பேன். அந்த வருஷம் போல நிம்மதியாக நான் எப்போதும் தூங்கியதில்லை. நீ தூங்கினாயா என்று நான் கேட்டதே இல்லை. இதுதான் இப்போது என்னைப் பிடித்து உலுக்குகிறது. உன்னைப் பற்றிய பயத்தைவிட என்னைப் பற்றிய பயம் எனக்கு அதிகம்.

ஆபரேஷனை நீ விமானம் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் சொன்னேன். அம்மா சாமி வந்தவள் மாதிரி ஆடிவிட்டாள். "நரம்பு உன் புள்ள ஃபிளைட்டுக்காக காத்துக்கினு கீதா? கை போயிடுச்சுன்னா அவன் அங்க போய் இன்னா நிம்மதியா வேல செய்வான்?" என்றாள். கடைசியில் ஆளுக்கொரு விஷயத்தில் விட்டுக்கொடுத்தோம். ஆபரேஷன் தள்ளிப் போகாது, அது அவள் கேட்டது. நீ கிளம்புவதும் தள்ளிப் போகாது, அது நான் கேட்டது. வருகிற வாரம் சேர்கிறேன். உன் தாய்மாமன் கூட இருப்பார். நீ வா. வந்து ஸ்கேனைப் பார், டாக்டரிடம் உன் இங்கிலீஷில் எல்லாவற்றையும் கேள், கட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில். என் விரல்களை மடக்கி நீட்டச் சொல்லிக் கொடு. அதற்கு மேல் நிற்காதே. உன் அம்மா அழுவாள், நானும் அழுவேன் போலிருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடு.

சேகர் மாமா உன்னிடம் வேறு மாதிரி பேசுவான். "ரெண்டே ரெண்டு மாசம் ஓட்டு நைனா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பான். அவன் கெட்டவன் இல்லை, எனக்காகப் பேசுவான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடு. அந்த அபார்ட்மெண்டுக்காரர்கள் உன் நம்பருக்குப் போன் செய்தால் எடுக்காதே. அவர்கள் எங்கேயாவது தண்ணீர் வாங்கிக்கொள்வார்கள், உலகம் முழுவதும் தண்ணீர் விற்கிறது.

ஒன்றை மட்டும் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நீ போகத்தான் வேண்டும் என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், அத்தனையும் உண்மை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, கழுத்தில் பட்டையோடு நான் உட்கார்ந்திருக்கும்போது, வாசலில் வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டு நீ உள்ளே வருவாய். அப்போது என்னிடம் வண்டிச் சாவியைக் கேட்டுவிடாதே. கேட்டால் கொடுத்துவிடுவேன்.

உன் அப்பா